பெட்டி கட்டும்போதே...

ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு கேள்வியும் கூடவே பிறந்துவிடுகிறது. "இந்த வருஷம் எங்கே?" குழந்தைகளின் பரீட்சை முடிவதற்குள் ஊட்டியா, கொடைக்கானலா, ஏற்காடா என்று வீட்டில் ஒரு சின்னப் பார்லிமெண்டே கூடிவிடும். தீர்மானத்தை நிறைவேற்றியவர் தாம்தான் என்று வீட்டுக்காரர் நினைத்துக் கொள்வார். நினைத்துக் கொள்ளட்டும்! பெட்டி கட்டுகிறவர் நீங்கள் அல்லவா? அதனால் இந்த வாரம் உங்களோடுதான் பேச்சு.

உங்களையே எடுத்துக் கொள்வோமே. அரிசி களைந்த தண்ணீரைக்கூடக் கீழே கொட்ட உங்களுக்கு மனசு வராது. அது கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். பால் கவரை அலசிக் காய வைத்துச் சேர்த்து வைப்பீர்கள். மீந்த சாதம் மறுநாள் காலையில் தாளித்த சாதமாகி விடும். ஆள் இல்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் "இது யார் வீட்டுக் கரண்ட்?" என்று ஒரு குரல் கொடுப்பீர்கள். குளியலறைக் குழாய் ராத்திரி சொட்டினால் உங்களுக்குத் தூக்கம் பிடிக்காது.

சரி. அதே நீங்கள், ஊட்டியில் ஒரு ஹோட்டல் அறையில். ஒரு நாளைக்கு ஒருவருக்கு மூன்று துண்டு. வெந்நீர்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு டெலிபோனில் பேச்சு. காலையில் கீழே போனால் வரிசையாகப் பாத்திரங்கள்: இட்லி, பொங்கல், பூரி, ரொட்டி, வெண்ணெய், முலாம்பழம். வீட்டிலே இரண்டு இட்லியோடு எழுந்து விடுகிறவர் தட்டில் ஒரு மலையையே கட்டி, அதில் பாதி அப்படியே குப்பைக்குப் போகிறது. வெளியே கிளம்பினால் தாகத்துக்கு ஒரு பாட்டில், அது காலியானால் இன்னொன்று. அறையைப் பூட்டும்போது உள்ளே எரிகிற விளக்கைப் பற்றி யாருக்கும் ஞாபகமே இல்லை.

இதைக் கபடம் என்று சொல்ல நான் ஒப்ப மாட்டேன். ஊரை விட்டுக் கிளம்புகிற எல்லாருக்கும் இது நேருகிறது. இயற்கையைக் காப்பதற்கென்றே சங்கம் வைத்து உழைக்கிறவர்களுக்கும் நேருகிறது என்றால் நம்புவீர்களா? எமில் யுவான், சாரா டோல்னிச்சார் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அப்படிப்பட்டவர்களையே உட்கார வைத்து, "விடுமுறையில் நீங்கள் எப்படி?" என்று விசாரித்து 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டில் குப்பையைப் பிரித்துப் போட்டு, சைக்கிளில் ஆபீஸுக்குப் போகிற அந்த மகானுபாவர்களும் விடுமுறை என்று வந்ததும் வேறு மனிதர்களாகி விட்டார்கள். கேட்டால் சமாதானங்களுக்குப் பஞ்சமில்லை. விடுமுறை என்பது விதிவிலக்கு. மற்றவர்கள் இதைவிட மோசம். நான் ஒருத்தன் மாறி என்ன ஆகிவிடப் போகிறது. அதற்கெல்லாம் நேரம் ஏது, பணம் ஏது?

கேட்ட குரலாக இருக்கிறதா? "வருஷத்தில் நாலு நாள்தானே!" என்று நம் வீட்டுக் கூடத்தில் கேட்கிற குரல்தான்.

ஆகவே, இயற்கையின் மேல் பிரியம் இருந்தால் போதும், மனுஷர்கள் தாமாகவே நல்லபடி நடந்து கொள்வார்கள் என்கிற எண்ணத்தை முதலில் ஒதுக்கி வைப்போம். பிரியம் வேண்டியதுதான். ஆனால் பிரியம் மட்டும் ஒரு காரியத்தையும் முடித்து வைப்பதில்லை. ஐசெக் ஐசன் என்ற மனோதத்துவ அறிஞர் 1991-ல் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். சுற்றுலாப் பயணிகளைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் அதிகமாக எடுத்தாளுகிறார்கள். ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்ற உத்தேசம் மனசில் உண்டாவதற்கு மூன்று சங்கதிகள் சேர வேண்டுமாம். அதை நல்லது என்று நாம் நினைக்க வேண்டும். நமக்கு வேண்டியவர்கள் அதை ஒப்புக் கொள்வார்கள் என்று தோன்ற வேண்டும். நம்மால் அதைச் செய்ய முடியும் என்ற தைரியமும் வேண்டும். இதற்கு ஒரு பெரிய சர்வகலாசாலை தேவையா என்று கேட்காதீர்கள். ஒரு பட்டுப் புடவை வாங்குவதற்கே இந்த மூன்றும் தேவைப்படுகிறதே! பிடித்திருக்க வேண்டும், நாத்தனார் முகம் சுளிக்கக் கூடாது, பர்ஸில் பணம் இருக்க வேண்டும்.

மூன்றில் முதலாவது நம்மிடம் தாராளமாக இருக்கிறது. "மலையைக் குப்பை மேடாக்கலாமா?" என்று கேட்டால் யாராவது "ஆக்கலாம்" என்பார்களா? இடறுவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான். அதிலும் நம் வீடுகளில் இரண்டாவதுக்குத் தனியாக ஒரு பெயர் உண்டு. கஞ்சத்தனம்!

யோசித்துப் பாருங்கள். வேன் ஒன்றை அமர்த்திக் கொண்டு பதினாலு பேர் போகிறீர்கள். மாமியார், நாத்தனார், நாத்தனாரின் புகுந்த வீட்டார், உங்கள் ஓரகத்தி எல்லாரும் உண்டு. மேட்டுப்பாளையம் தாண்டி ஒரு கடை வாசலில் வண்டி நிற்கிறது. எல்லாரும் இறங்கிப் பாட்டில் பாட்டிலாக வாங்குகிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் பையிலிருந்து ஒரு பெரிய எவர்சில்வர் கூஜாவை எடுத்து, "இதோ, வீட்டுத் தண்ணீர் இருக்கிறதே" என்கிறீர்கள். ஓரகத்தி ஒன்றும் சொல்ல மாட்டாள். சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியும். "இருபது ரூபாய்க்குப் பார்க்கிறாள் பாவம்!" வருஷம் முழுவதும் மிச்சம் பிடித்தது இந்த நாலு நாள் தாராளமாக இருக்கத்தானே என்ற நினைப்பும் அப்போது கூடச் சேர்ந்து கொள்ளும். கூஜா மறுபடி பைக்குள் போய்விடும். இயற்கையின் மேல் உங்களுக்கு இருக்கும் பிரியம் அந்தச் சிரிப்பின் முன்னால் ஒரு நிமிஷம் நிற்குமா?

நம் பாட்டிமார் காலத்தில் கூஜா இல்லாமல் ரயில் ஏறினவர்கள் உண்டா? ஹோல்டால், கூஜா, நாலு அடுக்கு டிபன் காரியர், அதில் புளியோதரையும் தயிர் சாதமும், தொட்டுக் கொள்ள வடு மாங்காய், சாப்பிடத் தையல் இலை. அவர்களுக்கு இயற்கைப் பாதுகாப்பு என்ற வார்த்தையே தெரியாது. அன்றைக்கு எல்லாரும் கூஜா கொண்டு போனார்கள். அதனால் அதைக் கொண்டு போவதில் கூச்சம் இல்லை. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தக் கூஜாவைத் தூக்கிக் கொண்டு, இடுப்பில் ஒரு குழந்தையோடு பிளாட்பாரத்தில் ஓடியவள் யார் என்பதும் எனக்குத் தெரியும். நாலு பேர் செய்கிற காரியத்தைச் செய்ய யாருக்கும் தனியாகத் தைரியம் வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்ல வந்தேன்.

இந்த நாலு பேர் விஷயத்தை அமெரிக்காவில் துண்டை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நோவா கோல்ட்ஸ்டீன், ராபர்ட் சியால்டினி, விளாடாஸ் கிரிஸ்கெவிசியஸ் என்ற மூவரும் ஒரு ஹோட்டலின் குளியலறைகளில் இரண்டு விதமான அட்டைகளை மாட்டி வைத்தார்கள். ஒன்றில், 'சுற்றுப்புறத்தைக் காக்க உதவுங்கள், துண்டை மறுபடி உபயோகியுங்கள்' என்ற வழக்கமான வேண்டுகோள். மற்றொன்றில், இங்கே தங்குகிறவர்களில் நாலில் மூன்று பேர் துண்டை மறுபடி உபயோகிக்கிறார்கள், நீங்களும் சேர்ந்து கொள்ளுங்கள் என்ற சேதி. 2008-ல் வெளியான முடிவு என்ன? முதல் அட்டையைப் பார்த்தவர்களில் நூற்றுக்கு 35 பேர் இணங்கினார்கள். இரண்டாவதற்கு 44 பேர். மறுபடி ஒரு தடவை சோதித்தபோது இன்னும் வேடிக்கை. 'இதே அறையில் தங்கியவர்கள்' இப்படிச் செய்தார்கள் என்று அறை எண்ணையும் போட்டு எழுதியதற்கு 49 பேர் இணங்கினார்கள். அந்தத் தடவை வழக்கமான அட்டைக்குக் கிடைத்தது 37.

நமக்கு முன்னால் அந்த அறையில் தங்கியவர் யார்? முகம் தெரியாது, ஊர் தெரியாது. இருந்தாலும் அவர் செய்தார் என்றதும், அதே துண்டை மறுபடி உபயோகிப்பது கஞ்சத்தனமாகத் தோன்றவில்லை. அந்த அறையின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

அட்டை மாட்டினால் எங்கேயும் பலிக்கும் என்று ஹோட்டல்காரர்கள் எண்ணிவிட வேண்டாம். ஸ்லோவேனியா நாட்டில் ஒரு ஹோட்டலில் இதே போலப் பல அட்டைகளை வைத்துப் பார்த்தபோது அவை யாரையும் அசைக்கவில்லை என்று 2017-ல் எழுதினார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. சோப்புச் செலவையும் சலவைக் கூலியையும் மிச்சம் பிடிப்பது ஹோட்டல், உபதேசம் கேட்பது நாம் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? நீங்கள் பொறுப்பாகத் துண்டை உலர்த்திவிட்டுப் போயிருப்பீர்கள். திரும்பி வருவதற்குள் அதையும் அள்ளிக் கொண்டு போய்ப் புதிதாக மூன்று வைத்திருப்பார்கள். அதற்கு அப்புறம் அந்த அட்டையை யார் படிப்பார்கள்?

சாப்பாட்டு விஷயத்தில் உபதேசமே இல்லாமல் சாதித்திருக்கிறார்கள். நார்வே நாட்டு ஹோட்டல்களில் தட்டின் அளவைச் சற்றே சிறியதாக்கினார்கள். வேறு சில ஹோட்டல்களில், 'ஒரேயடியாக எடுத்துக் கொள்ள வேண்டாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் வந்து எடுத்துக் கொள்ளலாம்' என்று ஒரு பலகை வைத்தார்கள். இரண்டில் எதைச் செய்தாலும் வீணாகிற உணவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று 2013-ல் எழுதியிருக்கிறார்கள். பசியோடு எழுந்தவர் யாரும் இல்லை. கண்ணுக்கு வேண்டியிருந்த சாப்பாடு வேறு, வயிற்றுக்கு வேண்டியிருந்த சாப்பாடு வேறு! ஸ்லோவேனியாவில் குழந்தைகளோடு வருகிற குடும்பங்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். தட்டைக் காலி செய்தால் அதில் ஒரு ஸ்டாம்பு. ஸ்டாம்புகள் சேர்ந்தால் கடைசியில் ஒரு சின்னப் பரிசு. மூன்றில் ஒரு பங்கு வீணாவது நின்றது. குழந்தைக்கு ஸ்டாம்பு மேல் ஆசை; அப்பாவின் தட்டில் பூரி மீந்திருந்தால் அந்தக் குழந்தை சும்மா விடுமா?

இந்த வித்தையை ஹோட்டல்காரர் செய்கிற வரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. "முதலில் பாதி எடு, பிறகு இன்னொரு தடவை போகலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்வதற்கு எந்த நாட்டு ஆராய்ச்சியும் தேவையில்லை.

இப்போது நம் மலைக்கு வருவோம். நீலகிரி இந்த விஷயத்தில் பின்தங்கிய ஜில்லா அல்ல. 2000-ம் ஆண்டை ஒட்டி அங்கே கலெக்டராக இருந்த சுப்ரியா சாஹு பிளாஸ்டிக்குக்கு எதிராகப் பெரிய இயக்கமே நடத்தினார். தமிழ்நாடு முழுவதும் ஒரு தடவை உபயோகித்து எறிகிற பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ம் தேதிதான். நீலகிரிக்காரர்கள் அதற்கு வெகு காலம் முன்பே துணிப்பைக்குப் பழகியிருந்தார்கள். பிறகு தண்ணீர்ப் பாட்டில்களையும் தடுத்து, சாலை ஓரங்களிலும் சுற்றுலா இடங்களிலும் குடிநீர் இயந்திரங்களை வைத்தார்கள். காசு போட்டால் உங்கள் பாத்திரத்தில் சுத்தமான தண்ணீர் விழும்.

ஐசன் சொன்ன மூன்றாவது சங்கதி இங்கேதான் வருகிறது: 'என்னால் முடியுமா?' தடை மட்டும் போட்டால் தாகத்தோடு இருக்கிற குழந்தைக்கு என்ன பதில் சொல்வது? அதனால் இயந்திரம் வைத்தது நல்ல யோசனை. ஆனால் இயந்திரம் பழுதாகிக் கிடக்கிறது என்ற புகாரும் அவ்வப்போது வருகிறது. தாகத்தோடு போய்க் காசைப் போட்டுத் தண்ணீர் வராமல் திரும்பிய ஒரு குடும்பம், அடுத்த தடவை வரும்போது சீட்டுக்கு அடியில் பாட்டில்களை ஒளித்து வைத்துக் கொண்டுதான் வரும். இதற்குப் பயணியை மட்டும் திட்டிப் பயன் இல்லை. நல்ல வழி கைக்கு எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் கெட்ட வழி ஜெயித்து விடும்.

கொடைக்கானலில் 2024-ல் வேறு ஒரு முறை கொண்டு வந்தார்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் வைத்திருந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. இதில் எனக்கு ஒரு சந்தேகம். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் ஒரு சோதனை நடந்தது. சாயங்காலம் குழந்தையை அழைத்துப் போக நேரம் கழித்து வருகிற பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? நேரம் கழித்து வருகிறவர்கள் கூடிவிட்டார்கள்! அதுவரையில் ஆயா காத்திருக்கிறாளே என்று கூச்சப்பட்டு ஓடி வந்தவர்கள், பணம்தான் கட்டுகிறோமே என்று நிதானமாக வர ஆரம்பித்தார்களாம். 2000-ம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி இது. 20 ரூபாய் கட்டியவர், "வரி கட்டின பாட்டில், எங்கே வேண்டுமானாலும் போடுவேன்" என்று நினைக்காமல் இருக்க வேண்டுமே!

அபராதத்தைவிட எனக்குப் பிடித்தது, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசைத் திருப்பிக் கொடுக்கிற முறை. இதற்கு உதாரணம் மதுக்கடையிலிருந்து வருகிறது. பெண்கள் படிக்கிற பக்கத்தில் அந்தக் கடையின் பேச்சா என்று கோபித்துக் கொள்ளாதீர்கள். கோலி சோடாக் கடையில் நம் தாத்தாக்கள் கண்ட முறைதான் இது. நீலகிரியின் காடுகளில் உடைந்த மதுப் பாட்டில்கள் கிடந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2022 மே மாதம் முதல் அங்கே பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. பாட்டில்கள் திரும்பி வந்தன, பெரும்பாலானவை வந்தன. பிறகு அந்த முறை மற்ற ஜில்லாக்களுக்கும் போயிற்று. குடித்தவர் கொண்டு வராவிட்டாலும், வழியில் கிடப்பதைப் பொறுக்கிக் கொண்டு வர ஒருவர் இருக்கிறார். 10 ரூபாய் கிடைக்கிறதே!

ஊராரே கூடித் தீர்மானித்த இடமும் உண்டு. சிக்கிமில் லாச்சென் என்று ஒரு மலைக் கிராமம். குருடாங்மார் ஏரிக்குப் போகிறவர்கள் தங்குகிற இடம். 2012-ல் அந்தக் கிராமத்தார் பாட்டில் தண்ணீர் ஊருக்குள் வரக்கூடாது என்று கட்டுப்பாடு செய்து கொண்டார்கள். வருகிற விருந்தாளிகளுக்குக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரோ, வடிகட்டிய தண்ணீரோ கொடுத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 2022 ஜனவரியில், சிக்கிம் ராஜ்யம் முழுவதுமே அந்த வழிக்கு வந்தது. அங்கே போகிற பயணி ஒன்றும் பிரமாதமான தியாகம் செய்யவில்லை. அந்த ஊரில் யார் கையிலும் பாட்டில் இல்லை; அவர் கையிலும் இல்லை. அவ்வளவுதான்.

இத்தனையும் ஒரு பாட்டிலுக்காகவா, ஒரு பிஸ்கட் உறைக்காகவா என்று சிலர் கேட்கலாம். 2025 மே மாதம் கோயம்புத்தூருக்கு அருகில் மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை நோயுற்று விழுந்தது. வைத்தியர்கள் சில நாள் பாடுபட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. பிரேதப் பரிசோதனை செய்தபோது வயிற்றில் 15 மாதக் குட்டி இருந்தது தெரிந்தது. யானை ஏறக்குறைய 22 மாதம் சுமக்கிற பிராணி. அந்தத் தாயின் குடலில் பிளாஸ்டிக் கழிவும் இருந்தது. அது குப்பை மேட்டிலிருந்து வந்ததா, வழிப்போக்கர் போட்டதா என்று யானைக்குத் தெரியாது. உப்பு வாசனையும் சாப்பாட்டு வாசனையும் வருகிறது, பையோடு தின்று விடுகிறது. நாம் குரங்குக்கு என்று சிப்ஸ் பாக்கெட்டை வீசுகிறோமே, அந்தப் பாக்கெட்டைக் குரங்கு மடித்துக் குப்பைத் தொட்டியில் போடப் போவதில்லை.

இதைப் படிக்கும்போது உங்கள் மனசு கலங்குகிறது. எனக்கும்தான். ஆனால் நான் முன்னால் சொன்னதை மறக்க வேண்டாம்: கலக்கம் மட்டும் மலை ஏறுகிற வரைக்கும்கூடத் தாங்காது. தீர்மானம் நடக்கிற இடம் மலை அல்ல. பெட்டி கட்டுகிற இடம். கூஜா பைக்குள் இருந்தால்தான் கடை வாசலில் அதை எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியே வரும்.

அதனால் பெட்டி கட்டுகிற நாளுக்கு வருவோம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்ததல்லவா? புறப்படும் முன் அதைப் பற்றி எப்படியும் விசாரிப்பீர்கள். அப்போதே தங்கப் போகிற இடத்துக்கும் ஒரு டெலிபோன் செய்து, "குடிக்க வடிகட்டிய தண்ணீர் கிடைக்குமா? பாட்டிலில் பிடித்துக் கொள்ளலாமா?" என்று கேட்டு விடுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் ஹோட்டல்காரர் அதற்கு ஏற்பாடு செய்து விடுவார். வியாபாரிக்கு நம் உத்தேசம் தெரிய வேண்டுமானால் அதை வாய் விட்டுச் சொல்ல வேண்டும்.

கூஜா பழைய மோஸ்தராகத் தோன்றினால், ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில். பிள்ளைகளுக்கு அவர்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகிறதே போதும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை: உங்களுக்கு மட்டும் என்று எடுத்துக் கொள்ளாதீர்கள். நாலு டம்ளர் கூடவே வைத்துக் கொள்ளுங்கள். வேனில் முதல் தாகம் எடுத்ததும் மாமியாருக்கு ஒரு டம்ளர், ஓரகத்தியின் குழந்தைக்கு ஒரு டம்ளர் என்று நீங்களே ஊற்றிக் கொடுங்கள். தனக்கு மட்டும் மிச்சம் பிடித்தால் கஞ்சத்தனம். எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தால் உபசாரம்! சிரிக்க வந்த ஓரகத்தி, "எனக்கும் கொஞ்சம்" என்பாள். வீட்டுத் தண்ணீருக்குள்ள ருசி கடைத் தண்ணீருக்கு வருமா என்று மாமியாரே எடுத்துக் கொடுப்பார். நாலு பேர் சேர்ந்தாயிற்று அல்லவா? இனி உங்களுக்குத் தைரியம் தேவையில்லை.

டம்ளருக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. மலை மேல் டீக்கடையில் காகித டம்ளர் கொடுத்தால், காகிதம்தானே என்று வாங்கி விடாதீர்கள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அது இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடுமே! நம் ராஜ்யத்தின் தடைப் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. கண்ணாடி கிளாஸில் கொடுக்கிற கடையாகப் பாருங்கள், அல்லது உங்கள் டம்ளரை நீட்டுங்கள்.

குளியல் விஷயம் ஒரு வார்த்தை. சாதாரண ஷவரில் நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் அளவில் தண்ணீர் போகிறது. மலைக் குளிருக்கு வெந்நீரில் பத்து நிமிஷம் சுகமாக நின்றால் நூறு லிட்டர். ஒரு வாளி என்பது பதினைந்து, இருபது லிட்டர். அதற்காக விடுமுறையில் ஷவர் சுகத்தை அனுபவிக்கவே கூடாது என்று நான் சட்டம் போட மாட்டேன். அப்படிப் போட்டால் நீங்கள் கேட்கப் போவதும் இல்லை. ஒரு நாள் ஷவர், மறுநாள் வாளி என்று வைத்துக் கொண்டால் சுகமும் போகாது. சீசனில் அங்கே உள்ளூர் வீடுகளில் குடத்தோடு காத்திருக்கிறார்கள்.

உறைகளையும் காலி டப்பாக்களையும் போட ஒரு பழைய மஞ்சள் பை வேனில் தொங்கட்டும். அதைக் கண்காணிக்கிற உத்தியோகத்தை வீட்டிலேயே மிகவும் விஷமக்காரப் பிள்ளையிடம் ஒப்படைத்து விடுங்கள். ஸ்லோவேனியாவில் ஸ்டாம்பு செய்த வேலையை இங்கே உத்தியோகம் செய்யும். பை நிறைந்தால் நகராட்சித் தொட்டியில் போடலாம். அதற்கு வழி இல்லாவிட்டால் வீட்டுக்கே கொண்டு வாருங்கள். நாலு நாள் உறைகள் எல்லாம் சேர்ந்தாலும் மடித்தால் ஒரு தலையணை அளவுகூட வராது.

இன்னொன்று. திரும்பி வரும்போது வர்க்கி வாங்காமல் வர மாட்டீர்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு வேறு கிடைத்திருக்கிறது. போகும்போது முறுக்கும் தட்டையும் கொண்டு போன தகர டின் அதற்குள் காலியாகி இருக்குமல்லவா? அதைத் துடைத்துக் கடையில் கொடுத்து, அதிலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள். கவரில் வாங்கினால் பர்லியார் வளைவுகள் தாண்டுவதற்குள் பாதி தூளாகிவிடும். டின்னில் வந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற வரையில் முழுசாக இருக்கும்.